தேநீர், கொலை, சௌகரியம்

1

அகதா கிறிஸ்டியின் பெயரில் அமெரிக்காவில் ஒரு பரிசு இருக்கிறது. 1989இல் தொடங்கியது. வருஷா வருஷம் துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்குத் தருகிறார்கள். நிபந்தனை எளிமையானது. கொலை இருக்கலாம், ஆனால் ரத்தம் அதிகம் தெறிக்கக் கூடாது, படுக்கையறைக் கதவு திறக்கக் கூடாது. ஜெயித்தவர் வீட்டுக்கு எடுத்துப் போவது கேடயமோ பதக்கமோ இல்லை. ஒரு டீ பாட்.

அழகான யோசனை என்று புன்னகை செய்பவர்கள் நம்மிடையே நிறைய இருப்பார்கள். எனக்கு இது ஒரு வாக்குமூலமாகப் படுகிறது. கிறிஸ்டியின் நாவல்களில் கோப்பையும் டீ பாட்டும் போலீஸ்காரர் ஜாக்கிரதையாக எடுத்துப் போய் ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பும் பொருள்கள். தடயங்கள். அந்தத் தடயத்தைக் கழுவி, துடைத்து, பளபளப்பாக்கி, மேடையில் வைத்துப் பரிசாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் இடையில் என்னவோ நடந்திருக்கிறது.

இது அமெரிக்கர்களின் விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியவில்லை. காஃப்காவையும் பெக்கெட்டையும் பற்றி மூன்று மணி நேரம் பேசிவிட்டு, எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்தி, 'ராத்திரி தூக்கம் வரலேன்னா ஒரு கிறிஸ்டி, ஒரு டீ' என்று ஒப்புக்கொள்கிற தீவிர இலக்கியவாதிகள் இங்கேயும் இருக்கிறார்கள். கேட்டால், அது வேறு இது வேறு என்பார்கள். கனமான வாசிப்புக்கு நடுவே ஒரு இடைவேளை, மூளைக்கு ஓய்வு, யாருக்கும் தீங்கில்லாத சந்தோஷம். வெளியே மழை, ஜன்னலோரம் நாற்காலி, பக்கத்தில் ஆவி பறக்கும் தேநீர், கையில் ஒரு கொலை. இந்தச் சித்திரத்தில் யாரும் எதையும் சந்தேகிப்பதில்லை. சந்தேகத்தையே தொழிலாகக் கொண்ட ஒரு கதை வகையைச் சந்தேகமே இல்லாமல் படிப்பது எப்படிச் சாத்தியம் என்றும் யாரும் கேட்பதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். இவர்கள் கிறிஸ்டியிடம் கண்டெடுத்ததாகச் சொல்லும் இதம் கிறிஸ்டியிடம் இல்லை. அவருடைய முக்கியமான நாவல்களில் இதம் என்பது குற்றவாளி செய்து வைத்திருக்கும் ஏற்பாடு. அதை நம்புகிறவன் ஏமாறுகிறான். ஆகவே இதமான கொலைக்கதை என்று இன்று விற்கப்படும் சரக்கைத் துப்பறியும் கதையின் ஒரு கிளையாகக்கூட ஒப்புக்கொள்ள முடியாது. துப்பறிதல் எதற்காகத் தோன்றியதோ அதைச் செய்ய மறுப்பதே அதன் இலக்கணமாக இருக்கிறது.

2

இந்தச் சரக்குக்கு ஆங்கிலத்தில் 'கோஸி' என்று பெயர். டீ பாட் ஆறிவிடாமல் இருக்க அதன் மேல் கவிழ்த்து வைக்கும் கம்பளிக் குல்லாய்க்கும் அதே பெயர்தான். பெயர் பொருத்தமானது. உள்ளே இருப்பது சூடு குறையாமலும் கண்ணில் படாமலும் இருக்க வேண்டும். குல்லாயின் பூவேலைப்பாடு மட்டும் தெரிந்தால் போதும்.

உதாரணத்துக்கு ஒன்று. 2001இல் லாரா சைல்ட்ஸ் என்ற பெயரில் 'டெத் பை டார்ஜிலிங்' வெளிவந்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்தில் தேநீர்க் கடை நடத்தும் ஒரு பெண் துப்பறிகிறாள். ஒரு தோட்ட விருந்தில் ஒருவர் தேநீர்க் கோப்பையும் கையுமாகச் செத்துக் கிடக்கிறார். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சமையல் குறிப்புகள். இது பெரிய தொடராகி, ஒன்றன்பின் ஒன்றாகத் தேயிலைப் பெயர் தாங்கிய தலைப்புகளோடு ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருக்கிறது. நான் ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்குக் கேட்டதைக் கொடுப்பது வியாபாரம். அதில் ரகசியம் ஒன்றுமில்லை. கேட்கிறவர்களைப் பற்றித்தான் என் கேள்வி.

அந்தக் கடையின் பெயர் 'இண்டிகோ'. அவுரி. பதினெட்டாம் நூற்றாண்டில் தென் கரோலினாவின் செல்வங்களில் ஒன்று அவுரிச் சாயம். அதைப் பயிரிட்டு, ஊறவைத்து, நாற்றத்தில் நின்று கலக்கியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். வட அமெரிக்கக் கரைக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளில் மிகப் பெரும் பங்கினர் கப்பலிலிருந்து இறக்கப்பட்ட துறைமுகம் அதே சார்ல்ஸ்டன். கடையின் பெயர்ப்பலகையே ஒரு தடயம். மிஸ் மார்ப்பிள் வாசலிலேயே நின்றிருப்பார். கோஸி வாசகன் அதை ஒரு அழகான நிறமாக எண்ணிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து, கேக் என்ன இருக்கிறது என்று விசாரிப்பான்.

3

கிறிஸ்டிக்கு வருவோம். முதல் உலக யுத்தத்தின்போது அவர் டார்க்கி நகரத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை பார்த்தார். விஷங்கள் அங்கே அவர் கைக்குப் பழகின. 1920இல் வந்த முதல் நாவலில் ஸ்ட்ரிக்னைன். மருந்துக்கும் விஷத்துக்கும் வித்தியாசம் அளவில் மட்டும்தான் என்று தராசு பிடித்துத் தெரிந்துகொண்ட ஒரு பெண் தேநீர் மேஜையை எப்படிப் பார்த்திருப்பார்? உபசாரத்தை மறுக்க முடியாது. அதனால்தான் விஷத்துக்கு அது வசதியான இடம். யார் ஊற்றினார்கள், யார் நீட்டினார்கள், சர்க்கரை போட்டது யார், இவருக்கு வைத்த கோப்பை எப்படி அவர் கைக்குப் போயிற்று? மரியாதை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்ட இந்தச் சின்னச் சின்ன அசைவுகளை நிறுத்தி வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் கிறிஸ்டியின் காரியம்.

அந்த மேஜையில் துப்பறிய அவர் யாரை அனுப்புகிறார்? யுத்தத்தில் ஊரை இழந்து வந்த ஒரு பெல்ஜிய அகதியை. பொய்ரோவுக்கு ஆங்கிலேயரின் தேநீரைக் கண்டால் ஆகாது. அவருக்கு வேண்டியது சாக்லெட், அல்லது மூலிகைக் கஷாயம். அவருடைய மீசையையும் உச்சரிப்பையும் கண்டு வீட்டார் சிரிக்கிறார்கள். சிரிக்கிறபோது ஜாக்கிரதை குறைகிறது. அந்த மேஜையில் தேநீர் குடிக்காதவர் அவர் ஒருவர்தான்; அங்கே நடப்பது தெரிகிறவரும் அவர்தான்.

1953இல் வந்த 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' நாவலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு பணக்கார முதலாளி ஆபீசில் காலைத் தேநீர் குடித்த கையோடு சுருண்டு விழுகிறார். எல்லோரும் கோப்பையைச் சந்தேகிக்கிறார்கள். விஷம் தேநீரில் இல்லை. வீட்டில் காலையில் ரொட்டிக்குத் தடவிக்கொண்ட மார்மலேடில் இருந்தது. அடுத்து அவருடைய மனைவி, மாலைத் தேநீர் மேஜையில் சாகிறாள். இம்முறை கோப்பையிலேயே சயனைடு. மூன்றாவதாக வீட்டு வேலைக்காரி கிளாடிஸ். அன்று தேநீர்த் தட்டுகளை எடுத்து வர வேண்டியவள் அவள்தான். முதல் தட்டு வந்தது. இரண்டாவது தட்டு கூடத்தோடு நின்றுவிட்டது. அவள் தோட்டத்தில் துணிக்கொடி அருகே கழுத்து நெரிபட்டுக் கிடக்கிறாள். மூக்கில் ஒரு துணிக் கிளிப் மாட்டியிருக்கிறது.

ஆங்கிலக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டு இருக்கிறது. அதில் ராஜா, ராணி, வேலைக்காரி மூன்று பேரும் வருகிறார்கள். வேலைக்காரியின் மூக்கை ஒரு பறவை கொத்திக்கொண்டு போகிறது. கொலைகாரன் அந்தப் பாட்டின்படி பிணங்களை அடுக்குகிறான். அதாவது உலகத்திலேயே மிகவும் இதமான பொருளை, தாலாட்டு வயதின் ஒரு பாட்டை, தன் மறைவிடமாக எடுத்துக்கொள்கிறான். இந்த நாவலில் இதத்தை உற்பத்தி செய்கிறவன் கொலைகாரன். இதைவிடத் தெளிவாக ஒரு நாவலாசிரியை வேறு எப்படிச் சொல்ல முடியும்?

கிளாடிஸ் அனாதை இல்லத்திலிருந்து வந்த பெண். அவளுக்கு வீட்டு வேலை பழக்கியவர் மிஸ் மார்ப்பிள். பத்திரிகையில் செய்தி பார்த்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே ரயிலேறி அந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறார். முதலாளியின் சாவோ அவர் மனைவியின் சாவோ அந்தக் கிழவியை ரயிலேற்றவில்லை. செத்துப்போன ஒரு அசட்டுப் பெண்ணின் மூக்கில் கிளிப்பை மாட்டி அவளை மேலும் கேலிப் பொருளாக்கிய அற்பத்தனம்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்ன ஒருவனை நம்பி, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே விஷத்தை வைத்தவள் கிளாடிஸ்தான். பணம் எங்கிருந்து வருகிறது என்று போனால் நாவல் ஆப்பிரிக்காவில் ஒரு சுரங்கத்துக்கும், அங்கே சாகும்படி விட்டுவிட்டு வரப்பட்ட ஒரு கூட்டாளிக்கும் கொண்டுபோகிறது. எல்லாம் முடிந்து வீடு திரும்பும் மிஸ் மார்ப்பிளுக்குக் கிளாடிஸ் எழுதிய கடிதம் காத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே அந்த ஆளின் புகைப்படம். கடிதம் தாமதித்துவிட்டது. உதவி கேட்டவள் கடிதம் படிக்கப்படுவதற்கு முன்பே செத்துப் போனாள்.

வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு ஒன்று தெரியும். நாள் முடிவில் கணக்கு நேராகிவிடுவதும் கணக்கு யோக்கியமாக இருப்பதும் ஒன்றல்ல. நேராகாத தொகையை வைப்பதற்கென்றே 'சஸ்பென்ஸ் கணக்கு' என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் சேர்ப்பதென்று தெரியாத தொகை அதில் கிடக்கும். கிளாடிஸின் கடிதம் அப்படிப்பட்ட தொகை. கொலையாளி யாரென்று கண்டுபிடித்தாயிற்று. ஆனாலும் அந்தக் கடிதத்தை எழுதி முடிக்க ஒரு தலைப்பு இல்லை. இந்தக் கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று சொல்பவர் அதைப் படிக்கவில்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் 1965இல் வந்த 'அட் பெர்ட்ராம்ஸ் ஹோட்டல்' இருக்கிறது. மிஸ் மார்ப்பிள் சின்னப் பெண்ணாக இருந்தபோது தங்கிய லண்டன் ஹோட்டல். உலகமே மாறிவிட்டது, இது மட்டும் மாறவில்லை. அதே கணப்பு, அதே நாற்காலி, அசலான மஃபின், சீரகம் போட்ட கேக், இலையிட்டு முறையாக இறக்கிய தேநீர். மிஸ் மார்ப்பிளுக்கு முதலில் சந்தோஷம். பிறகு ஒரு நெருடல். இது எப்படி இவ்வளவு சரியாக இருக்க முடியும்? விசாரித்தால் அந்த ஹோட்டல் முழுக்கவே ஒரு கொள்ளைக் கூட்டத்தின் முகப்பு. ரயில் கொள்ளை உட்பட எல்லாம் அந்தக் கணப்பின் பின்னாலிருந்து நடக்கின்றன. அசல் ரயில் கொள்ளை இங்கிலாந்தைக் கலக்கியது 1963இல். பழைய இதத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்து ஒருவர் விற்கிறார் என்றால் முதலில் அவருடைய கணக்குப் புத்தகத்தைப் பார் என்று கிறிஸ்டி எழுபது வயதுக்கு மேல் எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் பெயரால் டீ பாட் கொடுக்கிறவர்கள் பெர்ட்ராம்ஸ் ஹோட்டலில்தான் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள்.

4

விமர்சகர்களில் பெரியவர்களும் இதைப் பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம். மூன்று பேரைச் சொல்கிறேன்.

எட்மண்ட் வில்சன் 1944லும் 1945லும் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் இவ்வகை நாவல்களைக் கிழித்தெறிந்தார். எழுத்து மோசம், பாத்திரங்கள் அட்டை பொம்மைகள், ரோஜர் அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்பது அவர் கட்சி. எழுத்தைப் பற்றி அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் யாருக்கென்ன என்ற கேள்வி அவர் நினைத்ததைவிட ஆபத்தானது. கிளாடிஸை யார் கொன்றால் யாருக்கென்ன? அந்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ரயிலேறி வந்த ஒரு கிழவிக்கு மட்டும் இருந்தது.

ரேமண்ட் சாண்ட்லர் 1944இல் 'அட்லாண்டிக்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் கிராமத்து மாளிகைக் கொலைகளைக் கேலி செய்து, டாஷியல் ஹாமெட்டின் தெருவுக்கு வா என்று அழைத்தார். நிஜம் தெருவில்தான் இருக்கிறது என்பது ஆண்களின் பழைய நம்பிக்கை. மாளிகைக்கும் ஒரு பின்வாசல் உண்டு. அங்கே ஒரு துணிக்கொடி உண்டு. சாண்ட்லர் முன்வாசல் வழியாகவே பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

மூவரில் ஆடன்தான் கெட்டிக்காரர். ஆகவே அவரைத்தான் அதிகம் எதிர்க்க வேண்டியிருக்கிறது. 1948இல் 'ஹார்ப்பர்ஸ்' பத்திரிகையில் எழுதியபோது, துப்பறியும் கதை தனக்குப் புகையிலையையும் மதுவையும் போல ஒரு பழக்கம் என்று ஒப்புக்கொண்டார். பாவமறியாத ஒரு சொர்க்கம். அதில் ஒரு கொலை. துப்பறிகிறவர் வந்து குற்றத்தை ஒருவன் தலையில் இறக்கியதும் மற்றவர்கள் மறுபடி பரிசுத்தர்கள். வாசகனுக்குக் கிடைப்பது தானும் பாவமறியாதவன் என்ற கனவு. இதமான வாசிப்புக்கு இதுவரை கிடைத்த நியாயங்களில் இதுதான் சிறந்தது. ஆனால் இந்தச் சித்தாந்தம் நிற்க வேண்டுமானால் கொலைக்கு முன்னால் அந்த வீடு சொர்க்கமாக இருந்திருக்க வேண்டும். தட்டு சுமக்கிறவளுக்கு அது என்றைக்குச் சொர்க்கமாக இருந்தது? ஏதேன் தோட்டத்தில் வேலைக்காரி இல்லை. இங்கிலீஷ் மாளிகையில் இருக்கிறாள்.

5

துப்பறியும் கதைக்குச் சட்டம் போட்டவர்களும் உண்டு. கத்தோலிக்கப் பாதிரியாரும் இவ்வகை நாவல்கள் எழுதியவருமான ரொனால்டு நாக்ஸ் 1929இல் பத்துக் கட்டளைகளை வகுத்தார். அவற்றில் ஐந்தாவது, கதையில் சீனாக்காரன் வரக் கூடாது என்பது. நாக்ஸுக்கு நியாயம் செய்ய வேண்டும். அந்தக் காலத்து மலிவு நாவல்களில் ஃபூ மான்சூ மாதிரி மஞ்சள் முக வில்லன்கள் மலிந்து கிடந்தார்கள். அந்தச் சோம்பேறித்தனத்தைத்தான் அவர் கிண்டல் செய்தார். இருந்தாலும் விளைவைப் பாருங்கள். மேஜையில் இருக்கும் இலை சீனாவிலிருந்து வந்தது. அதை ஊறவைக்கும் கெண்டியின் உருவமும் அங்கிருந்தே வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் தேயிலையோடு கூடவே ஐரோப்பாவுக்கு வந்து இறங்கிய யீசிங் ஊரின் செம்மண் கெண்டிகளைப் பார்த்துத்தான் டச்சுக்காரரும் ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் செய்து பழகினார்கள். இலையும் கெண்டியும் உள்ளே வரலாம். ஆள் வரக் கூடாது.

ஆள் வந்திருந்தால் ஒன்று கற்றுக்கொடுத்திருப்பார். சீனாவில் நீதிபதிகள் துப்பறியும் கதைகளுக்குப் பல நூற்றாண்டு மரபு உண்டு. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த தீ என்ற நீதிபதியைப் பாத்திரமாக வைத்து எழுதப்பட்ட, ஆசிரியர் பெயர் தெரியாத பதினெட்டாம் நூற்றாண்டு நாவல் ஒன்றை ராபர்ட் வான் குலிக் என்ற டச்சு ராஜதந்திரி ஆங்கிலமாக்கி 1949இல் டோக்கியோவில் வெளியிட்டார். அதில் வரும் வழக்குகளில் ஒன்றில் புதுமணப்பெண் முதலிரவில் தேநீர் குடித்து இறந்துபோகிறாள். அன்று மணமக்களைச் சீண்டும் கேளிக்கையில் கோபமாக ஏதோ சொல்லிவிட்டுப் போன ஒரு இளைஞன் மேல் எல்லோருக்கும் சந்தேகம். நீதிபதி அவனை விட்டுவிட்டுத் தேநீரின் பின்னால் போகிறார். இதை யார் போட்டது? கிழட்டு வேலைக்காரி. தண்ணீர் எங்கே கொதிக்க வைத்தாய்? அடுப்பு இருந்த இடத்துக்குப் போய் நின்று அண்ணாந்து பார்க்கிறார். மேலே மக்கிப்போன உத்தரம். அதற்குள் ஒரு பாம்பு. கீழே கொதித்த தண்ணீரின் ஆவிக்கு அது தலையை நீட்ட, விஷம் சொட்டித் தண்ணீரில் விழுந்திருக்கிறது.

இந்தக் கதையில் கொலையாளியே இல்லை. ஆங்கிலக் கட்டளைகளின்படி இது மோசடி. ஆனால் துப்பறிதல் என்றால் என்ன என்பதை இவ்வளவு சுத்தமாகக் காட்டும் இன்னொரு கதையை நான் படித்ததில்லை. கோப்பையிலிருந்து கெண்டிக்கு, கெண்டியிலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து அதை மூட்டியவளுக்கு. குடிக்கும் இடத்தில் உட்கார்ந்து யோசிப்பதை விட்டுவிட்டுக் காய்ச்சிய இடம் வரை நடந்து போவது. கிறிஸ்டி தன் நல்ல நாவல்களில் இந்த வழியில் பாதி தூரமாவது போகிறார். கோஸி நாற்காலியை விட்டு எழுந்திருப்பதேயில்லை.

6

அடுப்பைத் தாண்டியும் வழி போகிறது. அதைக் காட்டுவதற்கு ஜார்ஜ் ஆர்வெல் போதும்.

1946 ஜனவரியில் லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் நல்ல தேநீர் போடுவதற்குப் பதினோரு விதிகள் சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த மாதமே 'ட்ரிப்யூன்' பத்திரிகையில் ஆங்கிலக் கொலையின் வீழ்ச்சி பற்றி ஒரு கட்டுரை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டு, நல்ல கறுப்புத் தேநீரும் குடித்துவிட்டு, கணப்பருகே சாய்ந்து ஆங்கிலேயன் படிக்க விரும்புவது கொலைச் செய்தியைத்தான் என்று அது ஆரம்பிக்கிறது. தேநீரும் கொலையும் இணைந்த இந்த இன்பத்தின் முதல் மானிடவியலாளர் அவர்தான். அப்போது இங்கிலாந்தில் தேயிலை ரேஷன். ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ்.

அவருடைய முதல் விதி, தேயிலை இந்தியாவினதாகவோ இலங்கையினதாகவோ இருக்க வேண்டும் என்பது. விதி சொன்னவர் 1903இல் பீகாரில் மோதிஹாரியில் பிறந்தவர். அப்பாவுக்கு அரசாங்க அபினி இலாகாவில் உத்தியோகம். பீகார் அபினி எதற்கு? சீனத் தேயிலைக்கு வெள்ளி கொடுத்து மாளாமல், அபினியைக் கல்கத்தாவில் ஏலம் விட்டுச் சீனாவுக்குள் கடத்த வழி செய்து, அதில் வந்த வெள்ளியால் தேயிலை வாங்கினார்கள். சீனா தடுத்தபோது யுத்தம். 1839 முதல் 1842 வரை. அந்தக் கெண்டியில் முதலில் கலந்த விஷம் அபினி. அதற்குக் கிறிஸ்டியின் மருந்தகம் தேவைப்படவில்லை.

இலங்கைத் தேயிலைக்கும் ஒரு தேதி உண்டு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கருகே லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் பயிரிட்டார். 1869இல் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டு காப்பி அழிய, மலை முழுவதும் தேயிலையாயிற்று. கொழுந்து பறிக்க நம் ஊர்களிலிருந்து போனவர்களின் கதையை ரத்தமும் கண்ணீருமாகப் பாடிய கவிதைகள் நம்மிடம் நிறைய உண்டு. அவற்றில் பலவும் இன்னொரு வகை இதம்தான். அழுதுவிட்டால் கணக்கு முடிந்துவிடுகிறது. நான் காகிதங்களை மட்டும் சொல்கிறேன். 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. இந்த ஆள் இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டினால் இவரை விட்டுவிடுகிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுப்பது. கங்காணி கையில் அந்தத் துண்டோடு ஆட்களின் கடன் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். பிறகு 1948இன் குடியுரிமைச் சட்டம். லட்சக்கணக்கானவர்கள் ஒரு காகிதத்தால் நாடற்றவர்களானார்கள். பிறகு 1964இன் ஒப்பந்தம். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்ளலாம். பின்னால் பேசிக்கொள்ளலாம் என்பதற்கு எங்கள் தொழிலில் என்ன பெயர் என்று முன்பே சொல்லிவிட்டேன். அந்தத் தொகை 1974வரை சஸ்பென்ஸ் கணக்கில் கிடந்தது. பிறகு ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

கிறிஸ்டி இதையெல்லாம் எழுதியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது அபத்தம். ஒரு நாவலுக்கு அதன் வீட்டுச் சுவர்கள் போதும். ஆனால் இரண்டாவது தட்டு ஏன் கூடத்தோடு நின்றது என்று கேட்கக் கற்றுக்கொண்ட வாசகனுக்கு அந்தக் கேள்வி புத்தகத்தை மூடியதும் நின்றுவிடாது. நின்றுவிட்டால் அவன் அதைக் கற்றுக்கொள்ளவேயில்லை.

7

அப்படியானால் மனுஷன் நிம்மதியாக ஒரு டீ குடிக்கக் கூடாதா என்று கேட்பார்கள். கேட்பார்கள் என்ன, கேட்டுவிட்டார்கள். இன்பங்களைக் கண்டால் முகம் சுளிக்கிற மார்க்சியக் கிழங்களில் நானும் ஒருவன் என்று முடிவு கட்டுவதும் சுலபம்.

ஆர்வெல் தேநீர் குடிப்பதை நிறுத்தவில்லை. அபினி இலாகாவில் பிறந்ததை மறைக்கவுமில்லை. நானும் டீயை நிறுத்துவதாக இல்லை. கிறிஸ்டியையும் நிறுத்துவதாக இல்லை. துப்பறியும் கதையில் பெரிய இன்பம் இருக்கிறது. சந்தேகப்படுவதின் இன்பம் அது. எல்லோரும் சாதாரணம் என்று விட்டுவிட்ட ஒன்றின் முன்னால் நின்று, இது ஏன் இங்கே இருக்கிறது, இதை யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று கேட்பதில் மூளை அடையும் சந்தோஷம். நம் புதுக்கவிதை நன்றாக இருக்கும்போது தருவதும் இதே சந்தோஷம்தான். ஆகவே காஃப்கா வேறு, கிறிஸ்டி வேறு என்று இரண்டு அலமாரிகள் தேவையில்லை. இரண்டிலும் கேட்கத் தெரிந்தவனுக்குக் கேள்வி இருக்கிறது. ஓய்வெடுக்க வந்தவனுக்கு இரண்டுமே மெத்தைதான். காஃப்காவை மெத்தையாக்கிக்கொண்டவர்களையும் நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

எனக்கு ஆட்சேபம் 'தீங்கற்ற' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான். படிக்கும்போது மட்டும் மனசாட்சிக்கு லீவு கொடுக்கலாம் என்பவர்கள், அந்த லீவைப் பிறகு நீட்டித்துக்கொண்டே போகிறார்கள். முதலில் ராத்திரி ஒரு மணி நேரம், பிறகு ஞாயிற்றுக்கிழமைகள், பிறகு அது ஒரு ரசனையாகி, கடைசியில் ஒரு டீ பாட்டைப் பரிசாக வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்கிறது.

ஆர்வெலின் ஆறாவது விதி, கொதிநீர்ப் பாத்திரத்தை டீ பாட்டிடம் கொண்டு வராதே, டீ பாட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர் கொதிக்கும் இடத்துக்குப் போ என்பது. தேநீர் ருசிக்கச் சொன்னது. வாசிப்புக்கும் அதுவே விதி. எழுந்து அடுப்பங்கரைக்குப் போக வேண்டும். அங்கே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து குடிக்கலாம்.